கூண்டுக்குள்ள உக்கார நமக்குத் தெரியுமா?

ஆப்பிரிக்கா போயிட்டு வர்றவங்க எல்லாரும் ஒரே குறையோடதான் திரும்பி வர்றாங்க. "அங்க சொந்தமா கார் ஓட்டிக்கிட்டு சிங்கத்துக்குப் பக்கத்துல போகலாம். நம்ம ஊர்ல? வனத்துறை பஸ்ல அடைச்சு முக்கால் மணி நேரம் சுத்திக் காட்டிட்டு இறக்கி விட்டுடறான். இந்தியா உருப்படாது." பத்துப் பன்னிரண்டு நாள் க்ரூகர் தேசியப் பூங்காவுல கார் ஓட்டின போட்டோ ஐநூறு, கடைசியில இந்தப் புலம்பல் ஒண்ணு. இதுக்குத் தலையாட்டறதுக்குன்னே ஒரு கூட்டம் வேற.

நான் தலையாட்டறதா இல்ல. இந்தப் புலம்பல்ல பாதி தப்பு, மீதி பாதி பொய். ஏன்னு விளக்கமா சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

முதல்ல அந்த டூர் எப்படின்னு பாப்போம். ஜோகன்னஸ்பர்க்ல இறங்கி வாடகைக்கு ஒரு கார் எடுக்கறாங்க. நாலஞ்சு மணி நேரம் ஓட்டினா க்ரூகரோட தெற்கு வாசல். உள்ளே போனா ஸ்குகுசா, சதாரா, லெடாபான்னு தங்கற முகாம்கள். ஒவ்வொண்ணா தங்கிக்கிட்டே வடக்கே போகலாம். கைடு இல்ல, டிரைவர் இல்ல. நீங்க, உங்க கார், ரோடு. ரோட்டோரம் யானை, ஒட்டகச்சிவிங்கி, அதிர்ஷ்டம் இருந்தா சிறுத்தை. கேக்கவே ஆசையாத்தான் இருக்கு. எனக்கும் ஆசைதான், பர்ஸ்தான் ஒத்துக்கல :-)

இதைப் பாத்துட்டு நம்மாளுங்க வெச்சிருக்கற பேரு "சுதந்திரம்". அங்கேதான் தப்பு ஆரம்பிக்குது.

க்ரூகர்ல இருக்கறது சுதந்திரம் இல்லீங்க

அந்தப் பூங்காவோட விதிகளை வரிசையா எழுதறேன், படிச்சுப் பாருங்க.

1. காரை விட்டு இறங்கக் கூடாது. இறங்க அனுமதிச்ச இடம்னு சில இடங்கள் இருக்கு, அங்க மட்டும்தான். மத்த இடத்துல கதவு மூடியிருக்கணும். ஜன்னல் வழியா, மேல்கூரை வழியா உடம்புல எந்தப் பாகமும் வெளியே நீட்டக் கூடாது. தலையும் உடம்புல ஒரு பாகம்தான்.

2. தார்ச்சாலையில மணிக்கு 50 கி.மீ., மண் ரோட்டுல 40. அதுக்கு மேல போனா அபராதம்.

3. வாசல் திறக்கற நேரம், மூடற நேரம் மாசத்துக்கு மாசம் பலகையில இருக்கும். அவங்க கோடையில சாயங்காலம் 6:30, குளிர்காலம்னா 5:30. அதுக்குள்ள முகாமுக்கு வந்து சேரணும். லேட்டானா அபராதம். "டிராஃபிக் சார்"னு சொல்ல முடியாது, ஏன்னா அங்க டிராஃபிக்னா யானைதான்.

4. ரோட்டை விட்டு ஒரு அடி கூட இறக்கி ஓட்டக் கூடாது. எதுக்கும் தீனி போடக் கூடாது. ட்ரோன் கூடாது. மோட்டார் பைக்குக்கு அனுமதியே கிடையாது.

5. உள்ளே இருக்கற ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவுன்னு பாதுகாப்புக் கட்டணம். சில வருஷத்துக்கு முன்னாடி கணக்குல வெளிநாட்டவருக்கு 460 ராண்ட், அதாவது நம்ம காசுக்கு 2,000 ரூபாய் சுமார். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு 115 ராண்ட், சரியா கால்வாசி. பன்னிரண்டு நாள்னா நீங்களே பெருக்கிக்கங்க.

இப்ப சொல்லுங்க, இது சுதந்திரமா? காலையில ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஒரு தகரப் பெட்டிக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கறதுக்குப் பேரு சுதந்திரமா? உண்மையில மிருகக்காட்சி சாலையைத் திருப்பிப் போட்டா க்ரூகர். கூண்டுக்குள்ள மனுஷன், வெளியே மிருகம். கூண்டுக்குள்ள உக்காரேன்னு ஒத்துக்கிட்டவனுக்குத்தான் டிக்கெட். பன்னிரண்டு நாளும் அந்தக் கூண்டுக்குள்ள நம்மாளு எவ்வளவு பவ்யமா உக்காந்திருந்தாரோ, அவ்வளவு சௌகரியமா அதை மறந்துட்டுத்தான் ஊருக்கு வந்து "அங்க எவ்வளவு ஃப்ரீ தெரியுமா"ன்னு கதை விடறாரு.

அளவும் வரலாறும்

"அந்த விதியை எல்லாம் இங்கயும் வெச்சு, முதுமலைக்குள்ள காரை விடலாமே"ன்னு அடுத்த கேள்வி வரும். வரட்டும்.

க்ரூகரோட பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். நம்ம திருவள்ளூர் மாவட்டம் முழுசும் சேத்தா சுமார் 3,400. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருத்தணி வரைக்கும் இருக்கற ஊரு, ஏரி, சிப்காட், செங்கல் சூளை எல்லாத்தையும் அஞ்சு தடவைக்கு மேல அடுக்கினா ஒரு க்ரூகர். வடக்கு தெற்கா அதோட நீளம், சென்னையில கிளம்பினா திருச்சி போய்ச் சேர்ற தூரம் இருக்கும். முதுமலை? 2007-ல புலிகள் காப்பகம் ஆச்சு. மையப்பகுதி 321 சதுர கிலோமீட்டர், வெளிவட்டத்தையும் சேத்தா 688. க்ரூகருக்குள்ள இருபத்தெட்டு முதுமலையை வைக்கலாம்.

அதோட, க்ரூகர் பெரும்பாலும் திறந்த புல்வெளிக் காடு. ரொம்ப தூரத்துலயே யானை வர்றது தெரியும், காரை நிறுத்திக்கலாம். ஊர்கள் இருக்கற மேற்குப் பக்கம் பெரும்பாலும் வேலி போட்டிருக்கு. முதுமலையில ரோட்டோரம் உண்ணிச்செடிப் புதர். அதுக்குப் பின்னாடி யானை நிக்கறது பத்தடியில வந்தாத்தான் தெரியும். வேலியும் கிடையாது, இருக்கவும் கூடாது. அந்த யானை பந்திப்பூருக்கும் வயநாட்டுக்கும் சீகூர் பள்ளத்துக்கும் நடந்து போய்க்கிட்டு இருக்கற யானை.

இன்னொரு விஷயம் அந்தப் போட்டோக்கள்ல வராது. 1898-ல சாபி வேட்டைக் காப்பகமா அறிவிச்ச இடம், 1926-ல தேசியப் பூங்கா ஆச்சு. 1927-ல முதல் முறையா சுற்றுலா கார்களை உள்ளே விட்டப்ப, அந்த வருஷம் வந்தது மூணே மூணு கார். அந்தக் கூட்டம் பெருசாக வேண்டிய இடம் எங்கிருந்து வந்துச்சு? 1969-ல வடக்கு மூலையில பஃபூரிப் பகுதியில இருந்த மகுலேகே மக்களை நிறவெறி அரசாங்கம் வலுக்கட்டாயமா காலி பண்ணி, அந்த நிலத்தைப் பூங்காவோட சேத்துச்சு. நிறவெறி ஆட்சி போன பிறகு, 1998-ல அந்த நிலம் அவங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டுச்சு. இன்னிக்கு அது பூங்காவுக்குள்ளதான் இருக்கு, ஆனா சொந்தக்காரங்க அவங்க. "ஆப்பிரிக்கா மாதிரி பண்ணுங்க"ன்னு சொல்றவங்க, அந்தக் கணக்குல பற்றுப் பக்கத்தையும் படிக்கணும். பி.காம். படிக்கிறவனுக்கு வரவு மட்டும் எழுதின பேரேட்டைப் பாத்தா கை நடுங்கும்.

நமக்கும் இருக்கு சார், ஏற்கனவே இருக்கு

இப்ப அந்தப் புலம்பல்ல இருக்கற பொய்க்கு வரேன். "நம்ம ஊர்ல சொந்தக் கார்ல காட்டுக்குள்ள போக விடமாட்டான்." யார் சொன்னது? ஊட்டியிலிருந்து கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியா மைசூர் போற தேசிய நெடுஞ்சாலை என்னவாம்? ரெண்டு புலிகள் காப்பகத்துக்கு நடுவுல பகல் முழுக்க யார் வேணா கார் ஓட்டிக்கிட்டுப் போகலாம். யானை, மான், காட்டெருமை எல்லாம் ரோட்டோரத்துலயே. முன்பதிவு வேண்டாம். பன்னிரண்டு நாள் ராண்ட் கணக்கு வேண்டாம். நம்ம க்ரூகர் இதுதான்.

அதுல நம்மாளுங்க என்ன பண்றாங்க?

"வண்டியை நிறுத்தாதீர், இறங்காதீர், உணவு அளிக்காதீர்"னு பலகை வெச்சிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழயே காரை நிறுத்தி, மடியில இருக்கற குழந்தைகிட்ட சிப்ஸைக் கொடுத்து "குரங்குக்குப் போடு கண்ணா"ம்பாங்க. 2025 ஆகஸ்டுல பந்திப்பூர் ரோட்டுல ஒருத்தர் யானைகிட்ட செல்ஃபி எடுக்கப் போய், அது துரத்தி வந்து கீழே தள்ளி மிதிச்சு, எப்படியோ உயிர் பொழச்சாரு. கர்நாடக வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டுச்சு. நாடே அந்த வீடியோவைப் பாத்துச்சு. அதுக்கப்புறமும் அந்த ரோட்டுல கார் நிக்குது.

2021 ஜனவரியில மசினகுடியில நடந்தது இன்னும் கொடுமை. விடுதிப் பக்கம் வந்த யானை மேல எரியற டயரைத் தூக்கிப் போட்டாங்க. காதெல்லாம் வெந்து போய் அந்த யானை செத்தே போச்சு. அனுமதி இல்லாம நடத்தின விடுதி அது. யாருக்காக நடத்தினாங்க? வாரக்கடைசியில காரை எடுத்துக்கிட்டு "வைல்ட்லைஃப்" பாக்க வர்ற நமக்காக. 2020 அக்டோபர்லயே உச்ச நீதிமன்றம் சீகூர் யானை வழித்தடத்துல இருக்கற விடுதிகளை மூடச் சொன்ன உத்தரவு சரின்னு தீர்ப்பு சொல்லியிருந்தது. மூணு மாசம் கழிச்சு இது.

ராத்திரி ஒன்பதுலேருந்து காலை ஆறு வரை அந்த ரோட்டை மூடறதுக்கே எவ்வளவு சண்டை! 2009-ல ஆரம்பிச்சு நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னப்ப என்ன புலம்பல்! "எங்க நாட்டுல நாங்க போறதுக்குப் பாஸா?" இதே ஆளு ஸ்குகுசாவுல ரூம் கிடைக்கணும்னு பல மாசம் முன்னாடியே ராத்திரி கண்முழிச்சு புக் பண்ணுவாரு. அங்க வாசல் மூடறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வியர்க்க விறுவிறுக்க ஓட்டிக்கிட்டு வருவாரு. இங்க மட்டும் வாசல் இருந்தா அவமானமாம்.

நம்ம வாசல்ல ஒரு சஃபாரி ரோடு

நீலகிரி வரைக்கும் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து முக்கால் மணி நேரம். ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்பேட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினா ஸ்ரீஹரிகோட்டாவுக்கு 18 கி.மீ. ரோடு. ராக்கெட் தளத்துக்காகப் போட்ட ரோடு, பழவேற்காடு ஏரியை நடுவுல கிழிச்சுக்கிட்டுப் போகும். ரெண்டு பக்கமும் தண்ணி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் நம்ம மாவட்டத்துல.

நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் இந்த ரோட்டுல போய்ப் பாருங்க. பூநாரைங்க நூத்துக்கணக்குல, சில வருஷம் ஆயிரக்கணக்குல, முழங்கால் தண்ணியில வரிசையா நின்னு மேயும். கூழைக்கடா, வர்ண நாரை, நெடுங்கால் உள்ளான். காரை விட்டு இறங்காமலே எல்லாம் தெரியும். சிங்கம் இல்லாத குறையைத் தவிர க்ரூகருக்கு இது எந்த விதத்துலயும் குறைச்சல் இல்ல. இதை நான் ஊர்ப்பாசத்துல சொல்லல. வனவிலங்கு இவ்வளவு கூட்டமா, இவ்வளவு பக்கத்துல, தார் ரோட்டுலேருந்து தெரியற இடம் நாட்டுல ரொம்பக் கம்மி.

ஆனா அங்க ஞாயித்துக்கிழமை நடக்கறதைப் பாத்தா வயிறு எரியும். கார் கண்ட இடத்துல நிக்கும். நாலு கதவும் திறக்கும், பாட்டு அலறும். பறவை மேயற போட்டோ போதாதாம், பறக்கற போட்டோ வேணுமாம். அதுக்குக் கையைத் தட்டறது, ஹார்ன் அடிக்கறது, கல்லை விட்டெறியறது. அப்புறம் பிளாஸ்டிக் தட்டையும் தண்ணி பாட்டிலையும் கரையிலயே விட்டுட்டு, "நேச்சர்"னு ஒரு தலைப்பு போட்டு படத்தை ஏத்தறது.

பூநாரை எப்படிச் சாப்பிடுதுன்னு தெரிஞ்சா கல்லை எறியக் கை வராது. தலையைக் கவுத்து, அலகைத் தலைகீழா தண்ணிக்குள்ள வெச்சு, சேத்துத் தண்ணியை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதுல இருக்கற பொடிப் பொடி உயிர்களைத் திங்குது. மணிக்கணக்கா இதைச் செஞ்சாத்தான் வயிறு நிறையும். அவ்வளவு பெரிய உடம்பு சட்டுன்னு எழும்பாது, தண்ணியில கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலே ஏறும். நீங்க போட்டோவுக்காகக் கிளப்பி விடற ஒவ்வொரு தடவையும் அது சாப்பிட்டதுல ஒரு பங்கை அந்த ஓட்டத்துலயே செலவழிக்குது. அதுங்க இந்தியாவுல பெரிய அளவுல முட்டையிடற இடம் கட்ச் பக்கம். பழவேற்காடு அதுங்களுக்குச் சாப்பாட்டுக் கூடம். பந்தியில உக்காந்தவனை எழுப்பி எழுப்பி விட்டா அவன் அடுத்த வருஷம் ஏன் வரணும்?

மூணு எதிர்வாதம்

ஒண்ணு: "வெள்ளைக்காரனுக்கு ஒழுக்கம் ரத்தத்துலயே இருக்கு, நமக்கு வராது." சுத்தப் பேத்தல். 2015-ல ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு தனியார் சிங்கப் பூங்காவுல, ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்த காருக்குள்ள இருந்த அமெரிக்கப் பயணியைச் சிங்கம் கொன்னுச்சு. 2024 ஜூலையில பிலானஸ்பெர்க் தேசியப் பூங்காவுல, காரை விட்டு இறங்கி யானைக் கூட்டத்தைப் போட்டோ எடுக்கப் போன ஸ்பெயின்காரர் செத்தாரு. எல்லா நாட்டுலயும் மனுஷன் மனுஷன்தான். ரத்தத்துல ஒண்ணும் இல்ல, வாசல்லயும் அபராதச் சீட்டுலயும்தான் இருக்கு.

நம்மாளுக்கும் ஒழுக்கம் வரும்ங்கறதுக்கு அதே ஸ்ரீஹரிகோட்டா ரோடுதான் சாட்சி. 2019-ல இஸ்ரோ அங்க ராக்கெட் பாக்கப் பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் திறந்தாங்க. முன்கூட்டியே இணையத்துல பதிவு பண்ணணும், அடையாள அட்டை கொண்டு வரணும், சொன்ன நேரத்துக்கு வரணும், சொன்ன இடத்துல உக்காரணும். யாராவது "எங்க நாட்டு ராக்கெட், நான் பக்கத்துல போய்த் தொட்டுப் பாப்பேன்"னு அடம் பிடிச்சாங்களா? சமர்த்தா உக்காந்து, கைதட்டிட்டு, வீட்டுக்குப் போனாங்க. அதே ஆளு, அதே ரோடு. ராக்கெட்டுக்கு வாசல் இருக்கு, பூநாரைக்கு இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்.

ரெண்டு: "கட்டணம் வெச்சா ஏழைங்க எப்படி வருவாங்க?" நியாயமான கேள்வி. ஆனா இதைக் கேக்கறவர் பெரும்பாலும் பதினைஞ்சு லட்ச ரூபாய் கார்ல உக்காந்துதான் கேக்கறாரு. சிப்காட்ல ஷிஃப்ட் பாக்கற பசங்ககிட்ட கார் இல்ல. சொந்தக் கார் சஃபாரிங்கறதே கார் இருக்கறவனோட சஃபாரி. ஏழை மேல அக்கறை இருந்தா பஸ் விடுங்கன்னு கேளுங்க. சென்னை சென்ட்ரல்லேருந்து கும்மிடிப்பூண்டி வழியா சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில் வருது. ஸ்டேஷன் வாசல்லேருந்து ஞாயித்துக்கிழமை ஏரிக்கு நாலு பஸ் விட்டா, சில்லறைக் காசுல சஃபாரி முடிஞ்சிடும். ஒரு பஸ்ல ஐம்பது பேர் போனா, ஏரிக்கரையில பத்துப் பதினஞ்சு கார் குறையும். கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கு இல்ல.

மூணு: "ஏரியையே விழுங்கப் பாக்கற பெரிய ஆளுங்களை விட்டுட்டு செல்ஃபி எடுக்கறவனைப் பிடிக்கறியே?" இதுக்குக் கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும். காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கர்லேருந்து 6,110 ஏக்கரா விரிவாக்கற திட்டம் ஏரிக்குத் தெற்கே தலைக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்தது ஊருக்கே தெரியும். 2021 ஜனவரியில நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்கல, 2023 செப்டம்பர்ல நடக்க இருந்ததும் நடக்கல. யாரால? முக்கியமா மீனவ கிராமத்து ஜனங்களால. தெருவுல இறங்கி நின்னவங்க அவங்க. ஏரியைப் பின்னணியா வெச்சு வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல படம் எடுக்கற நாம அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் இருந்தோம்? அதனாலதான் சொல்றேன், இது ரெண்டும் வேற வேற பிரச்சினை இல்ல. ஓசியில பாத்த இடத்துக்காக ஒருத்தனும் குரல் கொடுக்க மாட்டான். காசு கொடுத்து, பேர் பதிஞ்சு, விதிக்கு அடங்கி ஒரு இடத்தைப் பாத்தவனுக்குத்தான் "என் காசு எங்க போச்சு, என் ஏரி எங்க போச்சு"ன்னு கேக்கத் தோணும். பங்குதாரருக்குத்தான் ஆண்டு அறிக்கை கேக்கற உரிமை. நாம இப்ப வேடிக்கை பாக்கற ஆளுங்க மட்டும்தான்.

விதி வைக்கலன்னா தடைதான் வரும்

இது ஜோசியம் இல்ல, நம்ம மாவட்டத்து வரலாறு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க. எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு உடை வேணுமா, யார் பொறுப்பு? எதுக்கும் அன்னிக்குப் பதில் இல்ல. சாவுக்கு அப்புறம் படகு சவாரிக்கே தடை. ஒழுங்கா ஓட்டின படகுக்காரர் பிழைப்பும் சேந்து போச்சு.

2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத்தீயில 23 பேர் செத்தாங்க. மலையேற்றத்துக்குத் தடை. ஆனா அந்தக் கதையில ஒரு நல்ல திருப்பம் உண்டு. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு 40 பாதைகளோட மலையேற்றத் திட்டத்தைத் தொடங்குச்சு. இணையத்துல முன்பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. அந்த வழிகாட்டிகள்ல பழங்குடி இளைஞர்கள் நிறைய பேர். அதாவது வாசல் வெச்சாங்க, காடு திரும்பத் திறந்துச்சு. முதல்லயே வெச்சிருந்தா 23 பேர் வீட்டுக்குப் போயிருப்பாங்க.

பூநாரை ரோட்டுக்கு எந்தச் சாவுக்காகக் காத்திருக்கோம்? ராக்கெட் தளத்துக்குப் போற ரோட்டுல கதவைத் திறந்து போட்டுக்கிட்டு குழந்தைங்களை இறக்கி விடறாங்க, கனரக வண்டியும் அதே ரோட்டுலதான் வருது. ஒரு நாள் ஒரு விபத்து நடக்கும். மறுநாள் மொத்தமா மூடுவாங்க. அப்பவும் "இந்தியா உருப்படாது"ன்னு புலம்பறதுக்கு நாலு பேர் இருப்பாங்க.

அதனால என்ன செய்யலாம்?

ரெண்டு மாநிலமும் உக்காந்து பேசி இதைச் செய்யணும்ங்கறது என் கோரிக்கை:

- நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் ஏரி ரோட்டுல வேகம் 40. மீறினா அபராதம், கேமரா வெச்சு.

- கார் நிறுத்த நாலு இடம் மட்டும் அகலப்படுத்துங்க. மத்த இடத்துல நிறுத்தக் கூடாது. காரை விட்டு இறங்கறது பார்வை மேடை இருக்கற இடத்துல மட்டும்.

- சுற்றுலா காருக்குக் கட்டணம். ஏரியை நம்பிப் பிழைக்கறவங்க, உள்ளூர்க்காரங்க, தளத்துல வேலை செய்யறவங்க, பஸ், இவங்களுக்குக் கிடையாது.

- அந்தக் கட்டணம் பொதுக் கஜானாவுக்குப் போகாம ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் போகணும். வாசல்ல நிக்கற வேலையும் வழிகாட்டற வேலையும் அந்த ஊர்ப் பசங்களுக்கு. ராக்கெட் தளம் வந்தப்ப ஸ்ரீஹரிகோட்டா தீவை விட்டு வெளியேறின குடும்பங்களோட பேரப் பசங்களுக்கு முதல் இடம். மகுலேகே மக்களுக்கு நிலமே திரும்பிச்சு, இவங்களுக்கு வேலையாவது வரட்டும்.

- வருஷா வருஷம் சூலூர்பேட்டையில நடக்கற பூநாரைத் திருவிழாவுல மேடைக்கும் லைட்டுக்கும் செலவு பண்றதுல கொஞ்சம் எடுத்து, இந்த ரோட்டுக்கு விதிப்பலகையும் அதை அமல்படுத்த ஆளும் போடுங்க.

அஞ்சு வருஷம் இதை ஒழுங்கா நடத்திக் காட்டுவோம். 18 கிலோமீட்டர் ரோட்டுல, கடிக்கவும் மிதிக்கவும் தெரியாத ஒரு பறவைக்கு முன்னாடி, கதவை மூடிக்கிட்டு உக்காரத் தெரிஞ்சவங்கன்னு நிரூபிப்போம். அப்புறம் வேணா முதுமலைக்குள்ள கார் விடச் சொல்லிக் கேக்கலாம். அப்பவும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன், அந்தக் காடு அதுக்குத் தாங்காது. ஆனா கேக்கறதுக்காவது ஒரு தகுதி வந்திருக்கும்.

அதுவரைக்கும் க்ரூகர் போட்டோ காட்டி நாட்டைத் திட்டறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன தடவை தெப்பக்காட்டு ரோட்டுல யானையைப் பாத்தப்ப, கண்ணாடியை ஏத்தினீங்களா, கதவைத் திறந்தீங்களா?"